பாதாங்கொட்டைத் துறையின் சிவப்பு வில்லை

"வில்லை இருக்குதா, ஏகாம்பரம்?"

ஹோட்டல் கதவுக் காவல்காரன் ஜோசுவா கேட்டான். கேட்ட கையோடு தலையைக் கீழே போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்க்க அவனுக்கு முடியவில்லை.

எனக்குப் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். கையில் மஞ்சள் தண்ணீர்க் குடம். ஒரு பம்பை. ஒரு தட்டில் எலுமிச்சம்பழமும் செம்பருத்தியும். என் பக்கத்தில் என் சம்சாரம் பச்சையம்மா. அவள் இடுப்பில் பத்து மாசக் குழந்தை. எதிரே புதுசாய் அடித்த மரவேலி, நடுவில் ஒரு கதவு. கதவுக்கு அந்தாண்டை மணல். மணலுக்கு அந்தாண்டை கடல்.

மணலில் வெள்ளைக்காரர்களும் வெள்ளைக்காரிகளும் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு உலாத்துகிறார்கள். ஒவ்வொரு மார்பிலும் ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு தோல் வில்லை. வில்லைக்கு நடுவில் சங்கு முத்திரை. ஓரத்தில் சுற்றிவர ஊசித் தையல்.

அந்த வில்லை இருக்கிறவன்தான் உள்ளே போகலாமாம். மேனேஜர் உத்தரவு.

அத்தனை வில்லைகளையும் செய்தவன் நான். முத்திரை வெட்டினவன் நான். தையல் போட்டவன் நான். இருநூறு வில்லை, இந்த இரண்டு கையால்.

இது முப்பது வருஷத்துக்கு முந்தின கதை. இப்போது எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது.

வாணியம்பாடி வாத்தியாருக்கு ஒரு வார்த்தை

போன மாசம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதினதைப் படித்துவிட்டு வாணியம்பாடியிலிருந்து ஒரு வாத்தியார் கடுதாசி போட்டிருக்கிறார். "தாங்கள் ஜமெய்க்கா தீவுக்குப் போனது நிஜந்தானா? அந்தத் தீவைப் பற்றி ஆங்கிலப் புஸ்தகங்களில் உள்ளதற்கும் தாங்கள் எழுதுவதற்கும் பொருத்தமில்லையே?" என்று கேட்கிறார்.

வாத்தியாரே, பொருத்தம் இல்லைதான். புஸ்தகம் எழுதினவன் வராந்தாவில் உட்கார்ந்து எழுதினான். நான் வெயிலில் நின்றேன். எப்படிப் பொருந்தும்?

நான் மூன்றாம் வகுப்பை முடிக்காதவன். ஆனால் இன்றைக்கு ஆம்பூரில் என் தோல் ஷாப்பில் பதினாறு தொட்டி ஓடுகிறது. தொட்டியில் கையை விட்டு எடுத்து நாக்கில் வைத்தால் போதும், தோல் ஊறுகிற பட்டைத் தண்ணிக்கு இன்னும் எத்தனை நாள் காரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பரீட்சை பாஸ் பண்ணின பையன்கள் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு அரை நாள் பார்த்து அதையேதான் வந்து சொல்கிறார்கள். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யார் சொல்வார்கள்?

வாத்தியார் கடுதாசி வந்த அதே வாரம் இன்னொன்றும் வந்தது. அதுதான் என் வயிற்றில் நெருப்பை வைத்தது.

மதராஸ் துறைமுகத்தில் எங்கள் சரக்கை ஏற்றிவிடுகிற கப்பல் ஏஜெண்டு, சரக்குக் காகிதங்களோடு ஒரு பளபளப்பான சின்னப் புஸ்தகத்தையும் வைத்து அனுப்பியிருந்தார். "நீங்கள் இருந்த தீவு அல்லவா, பாருங்கள்" என்று. கலர்ப் படங்கள். வெள்ளை மணல், பச்சைக் கடல், குடை, நாற்காலி. என் மகள் வேலூரில் நர்ஸ் வேலை செய்கிறாள், இங்கிலீஷ் படிப்பாள். லீவில் வந்திருந்தவளை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன்.

"நைனா, அந்தத் தீவிலே குளிக்கிறதுக்கு முதல்தரமான இடமாம் இது. 'மனிதக் காலடி படாமல் கிடந்த மணல்'னு போட்டிருக்கான்."

"இன்னா போட்டிருக்கான்?"

"மனிதக் காலடி படாமல் கிடந்த மணல்."

"இன்னொரு தபா படி."

மூன்று தபா படிக்கச் சொன்னேன். மூன்று தபாவும் அதேதான் போட்டிருந்தது.

அந்த ஊரின் வேடிக்கைகள், ஒவ்வொன்றாக

புஸ்தகத்தில் அந்த ஊரில் பார்க்கவேண்டிய வேடிக்கைகளை வரிசையாகப் போட்டிருக்கிறான். நானும் சொல்கிறேன் கேளுங்கள். அவன் சொல்வது ஒரு வரி, நான் சொல்வது ஒரு வரி.

"மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் அழகான கடற்கரைச் சாலை" என்கிறான். அந்தச் சாலைக்கு ஜல்லி உடைத்தவர்கள் நாங்கள் கூலி வேலை பார்த்த வாழைத் தோட்டத்து ஆட்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தன் விரல் நசுங்கியிருக்கிறது. என் இடது கை சுண்டுவிரலில் நகம் இல்லாததைப் பார்த்தவர்கள் தோல் வேலையில் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை. அது நாலாவது வளைவு.

"மூங்கில் தெப்பத்தில் ஏறி ஆற்றில் மிதந்து வரலாம்" என்கிறான். அந்தத் தெப்பம் வாழைத்தாரை மலையிலிருந்து இறக்குவதற்காக அந்த ஊர்க் கறுப்பு ஜனங்கள் கட்டினது. தாரை இறக்குகிறவன் காலெல்லாம் சேற்றுப் புண். இப்போது அதில் நாற்காலி போட்டிருக்கிறானாம்.

"வயது முதிர்ந்த ஒரு கப்பல் கேப்டன், முட்டிவலியால் வருந்தியவர், இந்த மணலின் மகிமையைக் கண்டுபிடித்தார்" என்கிறான். கண்டுபிடித்தாராம்! முட்டிவலிக்கு உச்சி வெயிலில் சுடுமணலில் காலைப் புதைத்துவிட்டு, அப்புறம் அலையில் நில் என்று அவருக்குச் சொன்னவள் ஜோசுவாவின் அம்மா. மீன் விற்கிற கிழவி. அவள் சொன்னபடி ஒரு மாசம் செய்து, கேப்டன் கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தார். நடந்தவர் நேராகப் போய்க் கூட்டாளிகளைச் சேர்த்து அந்த மணலை வளைத்துப் போட்டு ஹோட்டல் கட்டினார். கிழவிக்கு என்ன கிடைத்தது? வேலிக்கு வெளியே உட்கார்ந்து மீன் விற்கலாம் என்ற உத்தரவு.

"கரையெங்கும் நிழல் தரும் வாதுமை மரங்கள்" என்கிறான். அதை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறான். நம்மூரில் பாதாங்கொட்டை மரம் என்கிறோமே, அதேதான். குடையை அடுக்கினமாதிரி அடுக்கடுக்காய்க் கிளை. காய்ந்த இலை சிவந்து விழும்.

அந்த மரங்களைப் பார்த்துத்தான் நாங்கள் அந்த இடத்துக்குப் பாதாங்கொட்டைத் துறை என்று பேர் வைத்தோம். ஹோட்டல் வருவதற்கு முன்னால் நாங்கள் வைத்த பேர். காலடி படாத மணலுக்கு யாராவது பேர் வைப்பார்களா, வாத்தியாரே?

மாசி நிலா

நான் தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிப் பிறந்தவன். பிறந்தது ஆம்பூருக்குப் பக்கத்தில். பாலாற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. அதிலும் பாதி நாள் மணல்தான். தீவுத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ஒரு மேஸ்திரி வந்து, கப்பலேறினால் ராஜா மாதிரி இருக்கலாம் என்றான். அஞ்சு வருஷ ஒப்பந்தம். கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டேன். கப்பலேறும் கூலிகளை வைத்திருந்த மதராஸ் டிப்போவில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான் ஒருத்தன்தான்.

பச்சையம்மாவை அந்த டிப்போவில்தான் பார்த்தேன். அவள் மதராஸுக்குத் தெற்கே கடலோரத்துக்காரி. நான் தோல்காரன், அவள் கடல்காரி. கப்பலில் நான் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தபோது, "இன்னாய்யா, ஆம்பூரு ஆம்பள இப்டி கெடக்குற?" என்று கேட்டுக் கஞ்சி ஊற்றினாள். அதற்கப்புறம் வேறு யாரைக் கட்டிக்கொள்வது?

தீவில் அவளுக்கு முதல் குழந்தை பிறந்து ஏழாம் நாள் போய்விட்டது. இரண்டாவது குழந்தை நாலாம் மாசம். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது, இந்தக் குழந்தைக்குக் கடலில்தான் பேர் வைப்பேன் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாசி மகத்தன்று எல்லாரும் கடற்கரைக்குப் போவார்கள். ஈர மணலில் ஏழு படி பிடிப்பார்கள். மேல் படியில் பூவையும் விளக்கையும் வைத்துக் கடல் தெய்வமான கன்னியம்மாவைக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் பிறந்த குழந்தையை மூன்று அலையில் முக்கி எடுத்து, மூன்றாவது அலையில் பேர் வைப்பார்கள். அதுவரைக்கும் குழந்தைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லாத குழந்தையைத் தேடிக்கொண்டு எமன் வரமுடியாதாம். ஆனால் வருஷம் திரும்புவதற்குள் பேர் வைத்தாகவேண்டும். வைக்காவிட்டால் கன்னியம்மா கோபித்துக்கொண்டு குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் இரண்டு குழந்தையைக் குழியில் வைத்தவன். நம்பாமல் இருக்க அப்போது எனக்குத் தைரியம் இல்லை.

பஞ்சாங்கம் ஏது அங்கே? எங்களோடு கப்பலேறின காத்தவராயன் மாமா, பம்பை அடிக்கிறவர், குச்சியில் வெட்டு வெட்டி நிலாவை எண்ணிக்கொண்டு வருவார். தைப் பொங்கலுக்கு அப்புறம் வருகிற முழு நிலாவை விட்டு அடுத்த முழு நிலா. அதுதான் எங்களுக்கு மாசி மகம். மூன்று வருஷம் அந்தத் துறையில் போய்க் கும்பிட்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜோசுவாவின் அம்மா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் ஏழு படியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆனால் மாசி மாசம்தான் வெள்ளைக்காரன் ஊரில் குளிர் என்பதும், அவன் குளிருக்குப் பயந்து கடல் குளிக்க வருகிற மாசமும் அதுதான் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

வில்லை பிறந்த கதை

தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவன் ஹோட்டலுக்கு எப்படிப் போனேன் என்று சொல்லவேண்டும்.

தோட்டத்தில் செத்த மாட்டைப் புதைப்பார்கள். எனக்கு வயிறு எரியும். தோலை உரித்துச் சுண்ணாம்பில் போட்டு மயிரை எடுத்துவிட்டேன். ஆனால் ஊற வைக்க ஆவாரம்பட்டைக்கு எங்கே போவது? ஒருநாள் பச்சையம்மாதான் காட்டினாள்: உப்புத் தண்ணியில் காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிற மரம்.

"எங்க ஊரு கழிமொகத்துல இது இருக்குது. கண்டல்னு சொல்லுவோம். வலைக்குச் சாயம் போடுவாங்க."

பட்டையைக் கடித்துப் பார்த்தேன். நாக்கு மரத்துப்போய்விட்டது. அடேயப்பா, ஆவாரம்பட்டை இதன் காலில் விழவேண்டும்! ஆனால் ஒரு குறை. சிவப்பு ஜாஸ்தி. தோல் செக்கச்செவேல் என்று வரும். ஈரம் பட்டால் சாயம் விடும். நம்மூரில் கடைசியில் கடுக்காய்த் தண்ணியில் போட்டெடுப்போம், நிறம் தெளிந்துவிடும். கடுக்காய்க்கு எங்கே போவேன்?

துறையில் பாதாங்கொட்டை மரத்தடியில் படுத்திருந்தபோது ஒரு காய் நெஞ்சில் விழுந்தது. கடித்தேன். அதே துவர்ப்பு! கடுக்காய்க்குத் தங்கச்சி. அன்றைக்கே ஒரு கூடை பொறுக்கி இடித்து ஊறவைத்தேன். தோலை ஓடுகிற தண்ணியில் மூன்று நாள் அலசி, அப்புறம் இந்தக் காய்த் தண்ணியில் இரண்டு நாள் போட்டு எடுத்தால், சந்தன நிறத்தில் வந்து நிற்கிறது தோல். சாயம் ஒரு சொட்டு விடாது. அந்தத் தீவில் அப்படி ஒரு தோலை எனக்கு முன்னால் எவனும் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அந்தத் தோலில் செருப்பு தைத்தேன். ஒரு ஜோடி ஹோட்டல் மேனேஜர் காலுக்குப் போனது. தோட்டத்துத் துரையும் அவரும் தோஸ்து. ஒரே மாசத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நான் தோல்காரன். வெள்ளைக்காரிகள் தாங்களாகவே வந்து காலை நீட்டினார்கள்.

தை மாசக் கடைசியில் மேனேஜர் வந்தார். காகிதத்தில் ஒரு சங்கு வரைந்து காட்டினார். இந்த மாதிரி இருநூறு வில்லை வேண்டும், எட்டு நாளில் வேண்டும் என்றார்.

"எதுக்கு தொரை?"

"கௌரவத்துக்கு," என்றார்.

நான் அதற்குமேல் கேட்கவில்லை. இதுதான் என் முதல் முட்டாள்தனம். எட்டு நாளில் முடியாது என்று இன்னொருத்தன் சொல்லியிருப்பான். நான் ஏகாம்பரம் இல்லையா? "முடியும்" என்றேன். இது இரண்டாவது.

ஆணியைத் தேய்த்து நானே முத்திரை வெட்டினேன். சங்கின் சுருள் ஒவ்வொன்றும் தெரியும். பச்சையம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"அயகா கீது. யாருக்குய்யா?"

"பெரிய மனுசங்களுக்கு."

"நம்ம பாப்பாக்கு ஒண்ணு குடேன். கயித்துல கட்டி உடறேன்."

"அடப் போமே, எண்ணிக் குடுக்கணும்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

பிடுங்கின இந்தக் கையை இன்றைக்கும் வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது.

கதவுக்கு வெளியே

ஆக, ஞாயிற்றுக்கிழமையும் மாசி மகமுமாய்ச் சேர்ந்து வந்த அந்த நாளில், அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம்.

"ஜோசுவா, இவங்க எல்லாம் யாரு? போன வருசம் வந்தவங்கதானே?"

"தெரியும், ஏகாம்பரம். என் அம்மா என்னைப் பெற்றதும் இந்தத் தண்ணியிலதான் குளிப்பாட்டினா. இப்ப எனக்கே வில்லை கிடையாது. கதவைத் திறக்கிறவன் நான், உள்ளே போறவன் வேற. என்ன பண்ணச் சொல்றே?"

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் போட்டிருந்த சட்டையில் பித்தளைப் பொத்தான் பளபளத்தது. அவன் கண்ணில் ஒரு பளபளப்பும் இல்லை.

மாமா என் தோளில் கை வைத்தார். "மாப்ளே, எல்லா வில்லையும் நீதானே தச்சே? முப்பது ஜாஸ்தியா தச்சிருந்தா இன்னா கொறஞ்சா போயிருப்பே?"

இரண்டொருத்தர் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை.

"முப்பது வேணாம் மாமா," என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ஒண்ணு. பெத்த புள்ளைக்கு ஒண்ணு. கேட்டேன். பிடுங்கிக்கினாரு."

"அடுத்த மாசம்..." என்றேன்.

"அடுத்த மாசம் மாசி இல்லய்யா. அடுத்த மாசிக்குள்ள புள்ளைக்கு வருசம் திரும்பிடும்." குழந்தையின் தலையைத் தன் கழுத்தில் அமுக்கிக்கொண்டாள். "ரெண்டு போனது போதும்."

வேறு கரைக்குப் போகலாம் என்று ஒருத்தன் சொன்னான். எங்கே போவது? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கண்டல் சேறு. மணல் அது ஒன்றுதான். அதனால்தானே வேலி போட்டான்!

நான் மேனேஜரிடம் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன். என் பேச்சு எடுபடும் என்று அப்போதும் நம்பினேன். அவர் மணலில் குடைக்குக் கீழே இருந்தார். வேலிக்கு மேலே எட்டி, "தொரை! தொரை!" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஈயை விரட்டுவதுபோல் கையை ஆட்டினார்.

எல்லாரும் வேலிக்கு வெளியே சுடுமணலில் உட்கார்ந்துவிட்டோம். மாமா பம்பையைத் தட்டவில்லை. செம்பருத்தி வதங்க ஆரம்பித்தது.

சிவப்பு

கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைக்காரர்கள் தண்ணியில் இறங்கினார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். வில்லையைக் கழற்றவில்லை, கழற்றினால் கௌரவம் போய்விடுமே.

முதலில் ஒரு அம்மா கரை ஏறினாள். உயரமான அம்மா. கழுத்து வரைக்கும் வந்த அலையிலிருந்து வெளியே வந்து நின்றாள். பக்கத்தில் நின்றவள் அவளைப் பார்த்துவிட்டுக் கத்தினாள் பாருங்கள், அந்தக் கத்தல்!

உயரமான அம்மாவின் மார்பிலிருந்து முட்டி வரைக்கும் சிவப்பு. வெள்ளைத் துணியில் ரத்தமாய் ஓடுகிறது.

அவளும் குனிந்து பார்த்தாள். அப்படியே சாய்ந்துவிட்டாள்.

"சுறா!" என்று எவனோ கத்தினான்.

அவ்வளவுதான். தண்ணியில் இருந்தவர்கள் எல்லாம் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கரைக்கு ஓடிவந்தார்கள். ஓடிவந்த ஒவ்வொருத்தர் மார்பிலும் சிவப்பு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து இன்னும் ஜாஸ்தியாகக் கத்தினார்கள். குடை சாய்ந்தது, நாற்காலி உருண்டது. மேனேஜர் டாக்டரைக் கூப்பிடச் சொல்லி ஓடினார். காவல்காரர்கள் மயக்கம் போட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் மணலில் ஒருத்தர் இல்லை.

எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. எட்டு நாள். மூன்று நாள் அலச எனக்கு நேரமில்லை. பாதாங்காய்த் தண்ணியில் போட நேரமில்லை. மேலே எண்ணெயைப் பூசிப் பளபளப்புக் காட்டிக் கொடுத்துவிட்டேன். கண்டல் பட்டையின் சாயம் அத்தனையும் உப்புத் தண்ணியில் ஊறி இறங்குகிறது.

ஜோசுவா என்னைப் பார்த்தான். நான் என் கையைப் பார்த்தேன். என் உள்ளங்கையிலும் அதே சிவப்பு. அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவன் கதவைத் தள்ளித் திறந்தான். மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நான் எதையும் பார்க்கலை," என்றான்.

பச்சையம்மா ஓடினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடின ஓட்டத்தை இந்த ஜன்மத்தில் மறக்கமாட்டேன். பின்னாலேயே எல்லாரும். மாமா பம்பையை அடித்துக்கொண்டே ஓடினார், அந்த வயசில். பெண்பிள்ளைகள் மணலில் விழுந்து ஏழு படி பிடித்தார்கள். படி கோணல்மாணலாய் வந்தது, யாரும் பார்க்கவில்லை. ஜோசுவாவின் அம்மா கூடையைப் போட்டுவிட்டுத் தானும் தண்ணியில் இறங்கி நின்றாள்.

நான் மட்டும் கதவைத் தாண்டி ஓரடி வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் கழுத்தைப் பிடித்தது. மேனேஜர் திரும்பி வந்துவிட்டார்.

"என்ன செய்தாய்? என் விருந்தாளிகளுக்கு என்ன செய்தாய்?"

என் முகத்தில் ஒரு அறை. கையில் இருந்த ஒரு ஈர வில்லையை முகத்தில் விட்டெறிந்தார். என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்தபடியே பார்த்தேன். ஒரு அலை. இரண்டு அலை. மூன்றாவது அலையில் பச்சையம்மா குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கினாள். என்ன பேர் வைத்தாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அறை விழுந்த காது ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சமுத்திரம்.

பெற்றவன் நான். பேர் வைக்கும்போது பக்கத்தில் இல்லை. அன்றைக்கு அந்தக் கடலில் என் கால் நனையவும் இல்லை. மறுநாள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். ஜோசுவாவுக்கும் பித்தளைப் பொத்தான் போய்விட்டது. கப்பலேறி ஊர் திரும்புகிறவரைக்கும் நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான்.

வேணும்னே செய்தேனா?

ஆம்பூரில் என்னைத் தெரிந்தவர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி கேட்டிருப்பார்கள். "வெள்ளைக்காரனைப் பழிவாங்க வேணும்னே சாயம் விடுகிற தோலைக் கொடுத்தேன்" என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். கை தட்டியிருக்கிறார்கள்.

பொய். அச்சில் பொய் சொல்ல மனசு வரவில்லை. நான் அரைகுறை வேலை செய்தேன். ஒரு வெள்ளைக்காரன் "கௌரவம்" என்று சொன்னதில் மயங்கி, என் தொழிலுக்கு நானே துரோகம் செய்தேன். அந்த அரைகுறை வேலையால்தான் என் மகளுக்குப் பேர் கிடைத்தது என்பது எனக்குப் பெருமை இல்லை.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்தச் சின்னப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்கும்போது சமுத்திரம் நிறுத்திவிட்டாள்.

"இன்னாம்மா?"

"வேணாம் நைனா. கோவப்படுவே."

"படி."

படித்தாள். அந்த ஹோட்டலில் இன்றைக்கும் குளிக்க வருகிறவர்களுக்குச் சிவப்பு வில்லை தருகிறார்களாம். ஆதிகாலத்து வழக்கமாம். முதல் கேப்டன் தன் கப்பல் கொடியின் நிறத்தை நினைத்து அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தாராம். ஒரு வில்லையின் படமும் போட்டிருக்கிறது. நடுவில் சங்கு. சுருளை எண்ணிப் பார்த்தேன். என் சுருள்.

கேப்டனின் கொடியாம்! என் அவசரத்தின் நிறம் அது. என் அவமானத்தின் நிறம். அதையும் எடுத்துக்கொண்டான். மணலை எடுத்தான், கிழவியின் வைத்தியத்தை எடுத்தான், நாலாவது வளைவில் என் நகத்தை எடுத்தான். கடைசியில் நான் செய்த தப்பைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லை.

அன்றைக்கு ஷாப்புக்குப் போனேன். ஆட்களை அந்தாண்டை போகச் சொன்னேன். கண்டல் பட்டையில் ஊறின ஆட்டுத்தோலில் இருப்பதிலேயே நல்ல ஒரு துண்டை எடுத்தேன். மூன்று நாள் ஓடுகிற தண்ணியில் நானே நின்று அலசினேன். இரண்டு நாள் கடுக்காய்த் தண்ணி. நிழலில் காயவைத்து, ஆணியைத் தேய்த்து முத்திரை வெட்டி, சுற்றிவர ஊசி போட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு தையல் பிசகவில்லை. கொண்டுபோய் சமுத்திரத்தின் கையில் வைத்தேன்.

பச்சையம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது கண்ணும் கம்மி, காதும் கம்மி. நாக்கு மட்டும் கம்மியாகவில்லை.

"இப்பத்தான் தோணிச்சாய்யா?" என்றாள்.

மகள் கையிலிருந்து வில்லையைக் கேட்டு வாங்கினேன், பிடுங்கவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணியை ஊற்றி, கை நிறைய உப்பை அள்ளிப் போட்டு, அதில் அமுக்கி வைத்தேன்.

இன்றோடு நாலு நாள் ஆகிறது. கிண்ணம் என் முன்னால்தான் இருக்கிறது. வாணியம்பாடி வாத்தியாரும் வரட்டும், அந்தச் சின்னப் புஸ்தகம் எழுதினவனும் வரட்டும். வந்து குனிந்து பார்க்கட்டும்.

ஒரு சொட்டு சிவப்பு இல்லை.